கணக்குப்பிள்ளையின் பெட்டி: கிணத்துக்கடவு வட்டாரக் கிராம நிர்வாக வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

எங்கள் குடும்பத்துப் புஞ்சை நிலம் ஒன்றின் பட்டாவில் ஒரு பிழை. பாட்டனாரின் பெயருக்கு முன்னால் அவருடைய தகப்பனார் பெயர் இருக்க வேண்டும். அங்கே பெரிய பாட்டனார் பெயர் ஏறியிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக யாரும் அதைக் கவனிக்கவில்லை. நிலத்தைப் பாகம் பிரிக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அதைத் திருத்த ஓர் அலுவலகத்திற்கு ஏழெட்டு முறை நடந்தேன். அங்கே விசிப்பலகையில் காத்திருந்த நேரங்களில் மனத்தில் எழுந்த கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து. ஒரு கிராமத்தின் பெயர்களை எழுதியவர் யார்? அவருக்கு அந்த உரிமையை அளித்தவர் யார்?

கிணத்துக்கடவு கோயம்புத்தூருக்கும் பொள்ளாச்சிக்கும் இடையில், நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள பேரூர். பொன்மலை வேலாயுதசாமி கோயிலும் காய்கறிச் சந்தையும் வெளியூரார் அறிந்த அடையாளங்கள். கிணறும் கடவும் சேர்ந்து பிறந்த பெயர். கடவு என்றால் வழி, கடந்து செல்லும் இடம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மேட்டாங்காட்டு நிலத்தில் கிணறும் வழியும் சேர்ந்த ஓரிடம் ஊரானதில் வியப்பில்லை. இப்படிப்பட்ட ஊர்களுக்குப் போர் வரலாறும் அரண்மனை வரலாறும் அதிகமிராது. ஆனால் நிர்வாக வரலாறு என்ற ஒன்று உண்டு. பெரும்பாலும் யாரும் எழுதாத வரலாறு அது.

இங்கிலாந்தில் இதை எழுதுகிறார்கள். அங்கே நூறு வீடுகள் கொண்ட சிற்றூருக்கும் தனி வரலாற்று நூல் இருக்கும். அவர்களுடைய அடிப்படை அலகு பாரிஷ், அதாவது ஒரு தேவாலயத்தைச் சூழ்ந்த பங்கு. 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டை இரண்டு பூட்டுகள் கொண்ட பெட்டியில் வைக்க வேண்டும். ஒரு சாவி குருவானவரிடம், மற்றொன்று ஊராரின் சார்பில் கோயில் பொறுப்பாளர்களிடம் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒருவர் இல்லாமல் மற்றவர் பெட்டியைத் திறக்க இயலாது. பிறகு 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் வறியோரைப் பராமரிக்கும் பொறுப்பையும் அதற்கு வரி விதிக்கும் அதிகாரத்தையும் அதே பங்கின் தலையில் வைத்தது. 1894இல்தான் கோயில் நிர்வாகமும் ஊர் நிர்வாகமும் தனித்தனியாகப் பிரிந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர் மன்றங்கள் வந்தன.

நம் ஊர்ப் பெட்டிக்கு எத்தனை பூட்டுகள் இருந்தன? சாவிகள் யார் கையில் இருந்தன? கிணத்துக்கடவு வட்டாரத்தின் இருநூற்றுச் சொச்சம் ஆண்டு நிர்வாக வரலாற்றை இந்த ஒரு கேள்வியைக் கொண்டே பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

*

கொங்கு இருபத்துநான்கு நாடுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது என்பது மரபு. நாட்டுக்குப் பட்டக்காரர், ஊருக்கு ஊர்க்கவுண்டர் என்ற அடுக்கு அரசுகள் மாறிய போதும் தொடர்ந்தது. மதுரை நாயக்கர் காலத்துப் பாளையங்களின் எச்சமாக ஊத்துக்குளி, சமத்தூர், புரவிபாளையம் போன்ற ஜமீன்கள் பொள்ளாச்சிப் பக்கம் இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தன. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கொங்கு மைசூர் அரசின் கீழ் வந்தது. ஹைதர், திப்பு காலத்தில் அமில்தார்கள் வரி தண்டினார்கள். இன்றும் வருவாய்த் துறையில் புழங்கும் பாரசீக, அரபுச் சொற்களில் பலவும் அந்தக் காலத்தின் வழியாக நம்மிடம் ஊன்றியவை. ஜமாபந்தி, தாசில், பசலி, பிர்கா என்று சொல்லிக்கொண்டே போகலாம்.

பசலியைப் பற்றி ஒரு சொல். அது அறுவடையை ஒட்டிய வருவாய் ஆண்டு. அக்பர் காலத்தில் பிறந்தது. தமிழகத்தில் இன்று ஜூலை 1இல் தொடங்குகிறது. ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் பசலி வரும். 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. கிணத்துக்கடவில் இன்று ஓர் உழவர் வாங்கும் வரி ரசீதில் ஒரு முகலாயப் பேரரசரின் ஆண்டுக்கணக்கு ஒளிந்திருக்கிறது. அரசுகள் போய்விடும், கணக்கு வழக்கு போகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு மாண்டதும் கொங்கு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. மறு ஆண்டே பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவரை வெல்லெஸ்லி பிரபு இந்த நாடுகளைப் பார்த்து எழுதி வரும்படி அனுப்பினார். மண், பயிர், கிணறு, வரி, சாதி என்று அவர் கேட்டுக் குறித்தவை 1807இல் மூன்று தொகுதிகளாக அச்சாயின. பொள்ளாச்சிப் பக்கமும் அவர் வந்தார். புதிதாக வாங்கிய தோட்டத்தை எண்ணிப் பார்க்கும் உரிமையாளனின் பார்வை அந்த நூலில் உண்டு. ஆயினும் கொங்கின் கிராம வாழ்வு குறித்து அந்நாளில் இவ்வளவு விரிவாக எழுதப்பட்ட வேறொரு நூல் அரிது.

முதலில் இரு பகுதிகளாக ஆளப்பட்ட பிரதேசம் 1804ஐ ஒட்டி ஒரே மாவட்டமானது, கோயம்புத்தூர் தலைநகரானது. அந்தக் கோயம்புத்தூர் மாவட்டம் மிகப் பெரியது. நீலகிரி 1868இல் பிரிந்தது. கரூர் 1910இல் திருச்சியோடு சேர்ந்தது. கொள்ளேகால் 1956இல் மைசூருக்குப் போனது. ஈரோட்டுப் பகுதி 1979இல் பெரியார் மாவட்டமானது. 2009இல் திருப்பூர் மாவட்டம் பிறந்தது. இத்தனை வெட்டல்களிலும் கிணத்துக்கடவு கோயம்புத்தூரிலேயே நின்றது. அது இருந்த இடத்தில் இருந்தது. மாவட்டம்தான் அதைச் சுற்றிச் சுருங்கிக்கொண்டே வந்தது.

*

கம்பெனிக்கு வேண்டியது வரி. இங்கே வந்தது ரயத்துவாரி முறை. ஜமீன்தார் என்ற இடையாள் இல்லாமல் ஒவ்வொரு குடியானவனும் நேராகச் சர்க்காருக்கு வரி கட்டுவது என்பது அதன் கொள்கை. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் பாராமகாலில் தொடங்கி வளர்த்த முறை அது. சொல்வதற்கு எளிது. ஆனால் ஒவ்வொரு குடியானவனும் யார், அவன் நிலம் எது, அது நஞ்சையா புஞ்சையா தோட்டமா, அதில் கிணறு உண்டா என்பதைச் சர்க்கார் அறிவது எப்படி? இதற்கு ஒவ்வோர் ஊரிலும் எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும். அவர்தான் கணக்குப்பிள்ளை, வேறு பெயரில் கர்ணம். தண்டி அனுப்ப ஒருவர் வேண்டும். அவர் மணியகாரர், சட்டத்தின் மொழியில் கிராம முன்சீப். இவர்களுக்குக் கீழே தலையாரி, வெட்டி, நீர் பாயும் ஊர்களில் நீர்க்கட்டி.

மணியம், மானியம் என்ற இரு சொற்களைப் பலரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுண்டு. மணியம் என்பது மேற்பார்வை. மானியம் என்பது வரியின்றியோ குறைந்த வரியிலோ விடப்பட்ட நிலம். மணியம் பார்த்தவருக்கு மானியம் கிடைத்தது என்பதால் குழப்பமும் நியாயமானதே. 1858இல் அமைந்த இனாம் கமிஷன் இத்தகைய நிலங்களை ஒவ்வொன்றாக விசாரித்துப் பதிவு செய்தது. கோயில் மானியம், சத்திர மானியம், ஊழிய மானியம் எல்லாம் அந்த இனாம் பதிவேடுகளில் இருக்கின்றன. ஊர்க்கோயில் நிலம் குறித்து இன்றும் வழக்கு எழும்போது முதலில் தேடப்படுவது அந்தப் பக்கங்களே.

எழுதுபவர் ஒருவர், தண்டுபவர் ஒருவர். இது கோட்பாட்டளவில் இரண்டு சாவிகள் கொண்ட ஏற்பாடு. முன்சீப் வாங்கிய பணத்தைக் கர்ணத்தின் ஏடு காட்டிக்கொடுக்கும். கர்ணம் குறைத்து எழுதினால் முன்சீப்புக்குத் தெரியும். நடைமுறையில் என்ன நடந்தது என்பதற்கு மாவட்டத் தலைநகரிலேயே ஒரு பெரிய பாடம் கிடைத்தது. வில்லியம் காரோ கலெக்டராக இருந்த காலத்தில் கருவூலப் பொறுப்பிலிருந்த காசிச் செட்டி என்பவர் கலெக்டரின் நம்பிக்கையைப் பயன்படுத்தி, சர்க்கார் பணத்தைத் தம் வாணிகத்துக்குத் திருப்பினார். மாவட்டத்தின் ஊழியர் கூட்டம் அவருக்குக் கட்டுப்பட்டிருந்தது. ஊரில் குடியானவன் கொடுத்தது ஒன்று, ஏட்டில் ஏறியது வேறொன்று. 1815ஐ ஒட்டி மன்றோவும் ஜான் சல்லிவனும் இதை விசாரித்தனர். அதே சல்லிவன் 1830 வரை கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தார். உதகமண்டலத்தை உருவாக்கியவராக நாம் அறிந்தவர்தான்.

இவ்வளவு பெரிய மோசடியைப் பார்த்த மன்றோ ஊர் ஊழியர் அதிகாரத்தைக் குறைத்தாரா என்றால், இல்லை. நாட்டு மக்கள் தங்கள் ஊரைத் தாங்களே பார்த்துக்கொள்வதுதான் சிக்கனமும் பாதுகாப்பும் என்பது அவர் கட்சி. அவர் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1816இல் சென்னை மாகாணத்துக்குச் சில சட்டங்கள் வந்தன. நான்காம் ஒழுங்குமுறை ஊர்த்தலைவரைச் சிறு வழக்குகளைத் தீர்க்கும் முன்சீப் ஆக்கியது. ஐந்தாவது, ஊர்ப் பஞ்சாயத்துக்கு இடம் அளித்தது. பதினோராவது, ஊர்க்காவலை அவரிடம் ஒப்படைத்தது.

அந்தப் பதினோராம் ஒழுங்குமுறையில் ஒரு பிரிவு உண்டு. சிறு குற்றம் செய்தவரை ஊர்த்தலைவர் சாவடியில் சில மணி நேரம் அடைத்து வைக்கலாம். குற்றம் செய்தவர் தாழ்த்தப்பட்ட சாதியினராக இருந்தால் ஆறு மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம். கால்களை மரக்கட்டையின் துளைகளில் பூட்டி ஊரார் பார்க்க உட்கார வைக்கும் தண்டனை அது. தொழுமரம் ஆங்கிலப் பங்குகளிலும் இருந்தது. ஒவ்வோர் ஊரும் அதை வைத்திருக்க வேண்டும் என்றே அங்கு பழைய சட்டம். ஆனால் அங்கே அதில் மாட்டப்பட்டவர் குடித்துப் புரண்டவரும் போக்கிரியும். இங்கே அச்சடித்த சட்டமே, இன்ன பிறப்பினருக்கு இந்தத் தண்டனை என்று வகுத்தது. சாதி வழக்கம் ஊரில் முன்பே இருந்தது. அதற்குச் சட்ட எண் கொடுத்தது 1816.

கிராமங்களைச் சின்னஞ்சிறு குடியரசுகள் என்று 1830இல் சார்லஸ் மெட்காஃப் புகழ்ந்ததும் அதைப் பின்வந்த பலர் திருப்பிச் சொன்னதும் நமக்குத் தெரியும். அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் அம்பேத்கர் அந்தப் புகழ்ச்சியை ஏற்க மறுத்துக் கடுமையாகப் பேசியதும் தெரியும். அவர் கோபத்தின் நியாயத்தைத் தத்துவத்தில் தேட வேண்டியதில்லை. பதினோராம் ஒழுங்குமுறையைப் படித்தால் போதும்.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கிராமம் முழுமையாகக் காகிதமானது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் கொங்கை வாட்டிய ஆண்டுகளை ஒட்டியே நில அளவையும் வரித்திட்டமும் கோயம்புத்தூர் மாவட்டத்தில் நடந்தன. சங்கிலி பிடித்து அளந்து, எல்லைக்கல் நட்டு, ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் புல எண் கொடுத்தார்கள். எஃப். ஏ. நிக்கல்சன் 1887இல் வெளியிட்ட கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு இந்த வேலையின் விளைச்சல்களில் ஒன்று. கொங்கின் கிணறுகளைப் பற்றியும், கவலை இறைத்துத் தோட்டம் வளர்த்த குடியானவர்களைப் பற்றியும் இவ்வளவு கருத்தோடு எழுதிய அதிகாரிகள் சிலரே. கூட்டுறவுக் கடன் சங்கங்கள் குறித்துப் பின்னாளில் புகழ்பெற்ற அறிக்கை எழுதியவரும் அவரே.

கிணறு வெட்டிய புஞ்சை தோட்டமாகிறது. தோட்டத்துக்குப் பழைய நாளில் கூடுதல் வரி. அப்படியானால் தன் செலவில் கிணறு வெட்டியவன் அதற்காகவே தண்டம் கட்டுவதாகாதா? இந்தக் கேள்வி கொங்கில் நெடுநாள் ஓடியது. குடியானவன் தன் முதலீட்டில் செய்த மேம்பாட்டுக்கு வரி கூடாது என்ற கொள்கை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான் நிலைபெற்றது. கிணற்றைப் பெயரிலேயே சுமக்கும் ஊருக்கு இது சிறிய செய்தி அல்ல. அதற்குப் பிறகும் ஒரு கிணறு யாருடையது, எத்தனை பங்கு, எந்தக் கிழமை யார் இறைப்பது என்பதை அறிந்திருந்தவர் ஊரில் ஒருவர் இருந்தார். அவர் கணக்குப்பிள்ளை.

அவருடைய ஏடுகளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். புல எண், பரப்பு, தீர்வை, உடையவர் பெயர் ஆகியவை கொண்ட அ பதிவேடு. ஆண்டுதோறும் எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று எழுதும் அடங்கல். ஒருவருக்கு ஊரில் மொத்தம் எவ்வளவு நிலம் என்று காட்டும் சிட்டா. புல வரைபடங்கள். போதாதற்குப் பிறப்பு இறப்புப் பதிவும் கிராம அதிகாரிகளின் கைக்கு வந்தது. 1899ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழுங்குபடுத்தியது. ஆங்கிலப் பங்கில் குருவானவர் பிறப்பையும் இறப்பையும் எழுதினார், நிலத்தை எழுதவில்லை. இங்கே ஒரு மனிதன் பிறந்தது, உழுதது, செத்தது மூன்றும் சாவடியின் ஏடுகளிலேயே ஏறின. அந்த ஏடுகள் பெரும்பாலும் அலுவலகத்தில் இல்லை. கணக்குப்பிள்ளையின் வீட்டில், அவருடைய மரப்பெட்டியில் இருந்தன.

1895ஆம் ஆண்டின் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் இந்தப் பெட்டியைக் குடும்பச் சொத்தாக உறுதி செய்தது. மணியம் ஒரு வீட்டில், கணக்கு ஒரு வீட்டில். தகப்பனுக்குப் பிறகு மகன். வாரிசு சிறுவனாக இருந்தால் அவன் வளரும் வரை வேறொருவர் பதிலாள். எங்கள் பக்கம் மணியம் பெரும்பாலும் ஊரில் நிலமும் ஆளும் மிகுந்த குடியில் இருந்தது. கணக்கு எழுத்தறிந்த சிறு குடும்பங்களில் இருந்தது. வெட்டியும் தலையாரியும் தலைமுறை தலைமுறையாகக் கீழே நிறுத்தப்பட்ட சாதிகளிலிருந்து வந்தார்கள். அவர்கள் ஏட்டைத் தலையில் சுமந்து கச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். திறந்து பார்க்க அவர்களுக்கு எழுத்து இல்லை. பெட்டிக்கு இரண்டு சாவி இருந்தது உண்மைதான். இரண்டும் ஊரின் ஒரே பக்கத்தில் இருந்தன.

இதை மேலிடம் அறியாமல் இல்லை. செங்கற்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் தீண்டத்தகாதோராய் நடத்தப்பட்டவர்களின் நிலமின்மை குறித்து எழுதிய குறிப்பின் விளைவாக 1892இல் அரசாணை வந்தது. தரிசு நிலங்களை அவர்களுக்கு நிபந்தனையோடு ஒதுக்கினார்கள். பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதுவே. ஆனால் எந்தப் புறம்போக்கு ஒதுக்கத் தக்கது, அதில் இப்போது யார் பயிரிடுகிறார்கள் என்று எழுதி அனுப்ப வேண்டியவர் அதே கணக்குப்பிள்ளைதான். பஞ்சமி நிலம் கைமாறிப்போனதன் கதை பல மாவட்டங்களில் இந்த இடத்தில் தொடங்குகிறது.

*

மற்றொரு சரடும் கூடவே ஓடியது. 1884ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் மாவட்ட, வட்ட நிலைகளில் போர்டுகளையும் சில ஊர்களைச் சேர்த்த யூனியன்களையும் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் 1894ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பத்தாண்டு முந்தியது! ஆனால் அங்கே ஊரார் வாக்களித்தனர்; இங்கே பெரும்பாலும் நியமனம். 1920இல் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம், விடுதலைக்குப் பின் 1950, 1958 ஆண்டுகளின் சட்டங்கள், பிறகு ஊராட்சி ஒன்றியங்கள், 1994இல் புதிய ஊராட்சிச் சட்டம் என்று வரிசையாகச் சட்டங்கள் வந்தன. தேர்தல்தான் வரிசையாக வரவில்லை. தமிழ்நாட்டில் 1970இல் ஊராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 1986இல், அதற்கடுத்தது 1996இல். அதன் பின்னும் 2011இல் தேர்ந்தவர்களுக்கு அடுத்தவர்கள் 2019 டிசம்பரில்தான் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களின் காலமும் 2025 ஜனவரியில் முடிந்தபோது தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள்.

இவ்வாறு ஒரே ஊருக்கு இரண்டு நிர்வாகங்கள். தெருவிளக்கும் குடிநீரும் ஊராட்சியிடம். நிலமும் சான்றிதழும் வருவாய்த் துறையிடம். இரண்டின் எல்லைகளும் ஒன்றல்ல. வருவாய்க் கிராமம் என்பது அளவைக்காரர் கோடு. அதற்குள் நான்கைந்து குடியிருப்புகள் உட்கடை என்ற பெயரில் அடங்கியிருக்கும். ஊராட்சி என்பது தேர்தல் கோடு. மக்கள் ஊர் என்று சொல்வது இரண்டையும் சாராத மூன்றாவது ஒன்று; கோயில் நோன்பில் யார் யாருக்கு வரி போடுகிறார்கள் என்பதில் அதன் எல்லை தெரியும். சட்டமன்றத் தொகுதியோ நான்காவது கோடு. கிணத்துக்கடவு தொகுதி என்று பெயர். 2008 மறுசீரமைப்புக்குப் பின் குறிச்சி, குனியமுத்தூர் போன்ற கோவை மாநகரின் தென்பகுதிகள் அதில் அடக்கம். பெயர் எங்கள் சிற்றூருடையது, வாக்கு நகரத்துடையது.

*

பரம்பரைப் பதவி முறையில் முதல் விரிசல் நீதிமன்றத்தில் விழுந்தது. பதவியை வாரிசுரிமையாகத் தருவது அரசியலமைப்பின் சமவாய்ப்புக்கு முரண் என்று 1960இல் ஆந்திர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் 1968இல் பரம்பரை உரிமை சட்டப்படி நீங்கியது. ஆயினும் பல ஊர்களில் அதே குடும்பங்களே தொடர்ந்தன. பெட்டி அவர்கள் வீட்டில்தானே இருந்தது!

1980 நவம்பர் 14 அன்று எம். ஜி. ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் மாநிலம் முழுவதும் பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. முன்சீப், கர்ணம், உதவிக் கர்ணம் எல்லாரும் ஒரே நாளில் பதவி இழந்தனர். ஏடுகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். வழக்குகள் குவிந்தன, 1982இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒழிப்பு செல்லும் என்றது. அவர்களுடைய இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். தேர்வு எழுதி வருபவர், எச்சாதியினரும் ஆகலாம், இடமாறுதலுக்கு உட்பட்டவர். கொங்குக் கிராமங்களில் முதியவர்கள் அவரையும் மணியகாரர் என்றே அழைக்கிறார்கள். பதவி போன பின்னும் சொல் நின்றது.

இந்த மாற்றத்தின் பெருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எந்தக் குடும்பத்து ஆள் ஒரு காலத்தில் ஏட்டைத் தலையில் சுமந்தாரோ, அந்தக் குடும்பத்துப் பெண் இன்று அதே ஏட்டில் கையெழுத்திடும் அலுவலராக வர முடிகிறது. இருநூறு ஆண்டுகளில் கிராமத்தில் நடந்த மெய்யான புரட்சிகளில் இது ஒன்று. இருந்தும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுதுபவர், தண்டுபவர் என்றிருந்த இரு பதவிகள் 1980இல் ஒன்றாயின. இரண்டு சாவி ஒரு சாவியானது. மற்றொரு சாவி ஊராரிடம், அதாவது ஊராட்சியிடம், வந்திருக்க வேண்டும். அந்த ஆண்டுகளிலோ ஊராட்சியே தேர்தலின்றிக் கிடந்தது.

அதே பத்தாண்டில்தான் யு. டி. ஆர். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. பழைய ஏடுகளிலிருந்து பெயர்களைப் புதிய பதிவேடுகளுக்கு மாற்றினார்கள். ஊரை அறிந்த கர்ணம் போய்விட்டார். ஊரை அறியாதவர்கள் விரைந்து எழுதினார்கள். இன்று தமிழகம் முழுவதும் பட்டாத் திருத்தத்துக்காக அலையும் குடும்பங்கள் பலவற்றின் துன்பம் அப்போது விழுந்த எழுத்துகளால் வந்தது. பின்னர் அந்த எழுத்துகளே கணினியில் ஏறின. இப்போது பட்டாவை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். பெட்டி எல்லாருக்கும் திறந்துவிட்டது. உள்ளே இருக்கும் பெயர் பிழையாக இருந்தால், பிழையும் எல்லாருக்கும் திறந்திருக்கிறது.

கிணத்துக்கடவு இப்போது வட்டத் தலைநகர். பொள்ளாச்சி வட்டத்திலிருந்து தனியாகப் பிரிந்து தனக்கென ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தைப் பெற்றிருக்கிறது. ஜமாபந்திக்குப் பொள்ளாச்சி செல்ல வேண்டியதில்லை.

*

எங்கள் பட்டாப் பிழை எப்படித் திருந்தியது என்று சொல்லி முடிக்கிறேன். பாட்டியின் தகரப்பெட்டியில் 1960களின் கிஸ்து ரசீது ஒன்று கிடைத்தது. பழுப்பேறிய தாள், மசி மங்கிய சாய்வெழுத்து. அதில் பாட்டனார் பெயரும் அவர் தகப்பனார் பெயரும் சரியாக இருந்தன. எழுதியவருக்குப் பாட்டனாரைத் தெரியும், அவர் தகப்பனையும் தெரியும். அந்தத் தாளை வைத்துத்தான் பிழை நீங்கியது. பரம்பரை முறையைப் பற்றி இவ்வளவு குறை சொல்லும் நான், கடைசியில் அந்தக் கையெழுத்தால்தான் பிழைத்தேன்.

அன்று அதே விசிப்பலகையில் என் பக்கத்தில் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். காலனியிலிருந்து வந்தவர். அவர் மாமனார் காலம் தொட்டு உழுத துண்டு நிலம். எந்த ஏட்டிலும் பெயர் இல்லை. "உங்களுக்காச்சுங்க சாமி, தப்பாவாச்சும் எழுதியிருக்காங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. என் கையில் இருந்த ரசீதை நான் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

என் பாட்டனாரை நன்றாக அறிந்திருந்த அந்தக் கணக்குப்பிள்ளைக்கு அவருடைய மாமனாரையும் தெரிந்திருக்கும். தெரியாமல் விடுபட்டதல்ல அந்தப் பெயர். எழுதப்பட்டவை கொண்டு மட்டும் ஓர் ஊரின் வரலாற்றை எழுதினால், அது அந்தச் சாவி இருந்த வீட்டின் வரலாறாகவே முடியும்.

ஆகவே இப்பகுதி நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கிஸ்து ரசீது, அடங்கல் நகல், பாகப் பத்திரம், பழைய மணியகாரர் வீட்டு ஏடு எது இருந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு படமாவது எடுத்து வையுங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கலெக்டர்களின் கடிதங்கள் இருக்கின்றன. ஊரின் கடிதங்கள் நம் பரண்களில்தான் இருக்கின்றன. அதோடு நில்லாமல், ஏட்டில் பெயர் ஏறாத வீடுகளுக்கும் ஒருமுறை போய் உட்காருங்கள். எந்த நிலம், யார் உழுதது, எந்த வருடம் கைவிட்டுப் போனது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது சாவி அங்கேதான் இருக்கிறது.